வறண்ட ஏரியில் ஒரு வாழ்த்து

வறண்டுபோன ஏரிக்குள் அன்று கூத்து. போன வருடம் தன்னைப் பகடி செய்த கோமாளி வேம்புலியை ஜமீன்தார் மேடையிலேயே மறித்தார்.

"பகடி என்றால் என்னடா? அது எங்கே பிறக்கிறது? சரியாகச் சொல். இல்லையென்றால் உன் கூட்டம் இப்போதே ஊரைவிட்டுக் கிளம்பட்டும்."

பகலெல்லாம் நடந்து வந்த வேம்புலி பெருமூச்சு விட்டான். "சொல்கிறேன் எசமான். முதலில் உங்களை வாழ்த்திவிடுகிறேன். என்னவென்று வாழ்த்தட்டும்?"

"ஊருக்குத் தண்ணீர் தந்த வள்ளல் என்று வாழ்த்து."

வேம்புலி அதையே உரக்கக் கூவினான். ஏரிக்குள் உட்கார்ந்திருந்த ஊரே சிரித்தது.

"என்னடா சேர்த்துச் சொன்னாய்?"

"ஒரு சொல்லும் சேர்க்கவில்லை எசமான். இதுதான் பகடி. பிறந்தது உங்கள் வாயில். ஆடலாமா? கால் வலிக்கிறது."

ஜமீன்தார் காலடியில் வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்தார். பிறகு மத்தளக்காரரிடம் தலையசைத்தார்.