பத்தொன்பதாவது தளத்தில் இடிவேல்

"அம்மா, இப்பவே வீசிடவா? இல்ல, இருபதாவது தளத்துக்கு வெச்சுக்கவா?"

ஒன்பது நாளாகத் தணிகாசலத்துக்கு இதே கேள்விதான். முதலில் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு மடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். பத்தாம் நாள் காலையில் குருவிடமே வந்துவிட்டார்.

குரு அருமைநாயகிக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தொன்பது. தீயணைப்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மலை மடத்தில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே பஜனை கிடையாது. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதில் அருமைநாயகி எழுதிய ஒரே ஒரு விளையாட்டு. பெயர் 'கீழறை'.

படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள்தான். பூமிக்கு அடியில் இருபது தளங்கள். ஆடுகிறவருக்கு ஒரே உயிர். செத்தால் அவ்வளவுதான், மறுபடி முதல் தளம், அதுவும் முன்பு பார்க்காத புது அமைப்பில்.

இருபதாவது தளத்தைப் பார்த்தவர் மடத்தில் இதுவரை யாரும் இல்லை. தணிகாசலம் எட்டு மாதமாக ஒரே உயிரை வைத்துக்கொண்டு பத்தொன்பது வரை வந்துவிட்டார்.

எல்லாம் இடிவேலின் புண்ணியம் என்று அவர் நம்பினார். மூன்றாவது தளத்தில் கிடைத்தது. ஒரே ஒரு தடவை வீசலாம். எதிரில் எது நின்றாலும் இல்லாமல் போய்விடும். வேலும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழறையில் நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். நீங்கள் விசையைத் தொடாமல் சும்மா இருந்தால், உலகமும் சும்மா இருக்கும்.

தணிகாசலம் ஒன்பது நாளாக விசையைத் தொடவில்லை. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என் முறை வந்து ஒம்பது நாளாச்சு," என்றாள் சமையல் பார்க்கும் சொர்ணம். அவளும் சிஷ்யைதான். "பேசாம அந்த மிஷினுக்கு ஒரு மாலையைப் போட்டுடுங்க."

அருமைநாயகி எழுந்து வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசியில் 'அ' என்ற எழுத்து. அது தணிகாசலம். மூன்று கட்டம் தள்ளி, வெளியே போகிற ஒரே வழியில், ஒரு கேள்விக்குறி.

"அது என்ன?"

"தெரியலம்மா. ஒரே இருட்டு."

"விளக்கு?"

"மூணாவது தளத்திலயே வெச்சுட்டு வந்துட்டேன். பையில எட்டு இடம்தான். இடிவேலே ஆறு இடத்தைப் பிடிச்சுக்குது. மிச்சம் ரெண்டுல கத்தியும் கேடயமும். பன்னெண்டாவது தளம் வரைக்கும் சுவத்துலயே விளக்கு எரிஞ்சுது, அதனால கவலைப்படல."

"வேற என்ன வெச்சுட்டு வந்தீங்க?"

"கயிறு. ரொட்டி."

சொர்ணம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாயைச் சொல்லலையே?"

தணிகாசலம் அவளை முறைத்தார்.

"ஒரு நாய் கூட வந்துச்சும்மா," என்றார் குருவிடம். "அஞ்சாவது தளத்துல சேந்துச்சு. மிளகுன்னு பேரு வெச்சேன். பன்னெண்டுல அதுக்குப் பசி வந்து படுத்துடுச்சு. குடுக்க ஒண்ணும் இல்ல. வழியில ரொட்டி கெடந்துச்சு, எடுத்து வெச்சுக்க இடம் இல்லாம விட்டுட்டேன். அது படுத்தே கெடந்துச்சு, நான் இறங்கிட்டேன்."

மிளகை விட்டு இறங்கிய அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. திரையில் இருந்த ஓர் எழுத்துக்காக அழுதோம் என்று வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அழுதார்.

"இந்தக் கேள்விக்குறி எப்போ வந்தது?"

"பதினாலுல பாத்தேன். அப்போலேர்ந்து பின்னாலயே வருதும்மா. நான் படியில இறங்குனா அதுவும் இறங்கும். நான் நின்னா அதுவும் நிக்கும். இங்க வந்து வசமா மாட்டிக்கிட்டேன்."

"அஞ்சு தளமா வருது. ஒரு தடவையாவது கடிச்சுதா?"

"கிட்டயே வரல. இடிவேல் இருக்கறது அதுக்குத் தெரியும். அந்தப் பயம்!"

அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சொர்ணம் கொண்டுவந்த டீயை அருமைநாயகி வாங்கி, ஆற்றி, பாதி குடித்தாள்.

"நீங்க வேலையில இருந்தப்போ," என்றாள், "ஒரு வீடு பத்திக்கிட்டு எரியுது. உள்ள ஒரே புகை, கண்ணு தெரியல. மூலையில ஏதோ அசையுது. என்ன செய்வீங்க?"

"நிப்பேன்."

"கையில கோடாலி இருக்கு."

"இருக்கும். எப்பவும் இருக்கும்."

"வீசுவீங்களா?"

தணிகாசலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் போனவர் அவர்.

"என்னம்மா பேசறீங்க? அங்க யாருன்னு தெரியாம வீசுவாங்களா? மொதல்ல குரல் குடுக்கணும். பேரு தெரிஞ்சா பேரைச் சொல்லிக் கூப்..."

அவர் திரும்பிக் கேள்விக்குறியைப் பார்த்தார்.

அருமைநாயகி நாற்காலியை விட்டு எழுந்தாள். மீதி டீயோடு வெளியே போய்விட்டாள்.

தணிகாசலம் உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்குறி வேறு எதுவாகவும் இருக்கலாம். எட்டு மாதம். ஒரே உயிர். இன்னும் ஒரே ஒரு தளம்.

ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒரு விசையை அழுத்தினார். கூப்பிடுகிற விசை.

'யாரை?' என்று திரை கேட்டது.

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மி. ள. கு.

கேள்விக்குறி ஓர் அடி முன்னால் வந்தது.

சொர்ணம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஐயா, வேலு கையில இருக்கட்டும். அது நாயா இல்லாமப் போனா?"

அவர் இன்னொரு விசையை அழுத்தினார். திரையின் அடியில் ஒரு வரி வந்தது.

'இடிவேலைக் கீழே வைத்தாய். பையில் ஆறு இடம் காலி.'

கேள்விக்குறி இன்னும் ஓர் அடி வந்தது.

"சொர்ணம்," என்றார் தணிகாசலம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கேர்ந்து ரொட்டிக்கு எத்தனை தளம் ஏறணும்?"