பூரணி வாங்கிய மீன்

"வெளிநாட்டுப் பிள்ளைங்க வகுப்பு எனக்கு வேண்டாம் மேடம். வேற யாருக்காவது கொடுத்துருங்க" என்றார் பேராசிரியர் மிசியர்.

கடலோரத்து மீன்வளக் கல்லூரி அது. வியட்நாமிலிருந்து ஒரு பெண், கென்யாவிலிருந்து ஒரு பையன், நார்வேயிலிருந்து ஒரு நெட்டையன் என்று மூன்று பேர் படிக்க வந்திருந்தார்கள். அன்றுதான் முதல் வகுப்பு.

துறைத்தலைவி பூரணி மிசியரைவிட வயதில் சின்னவள். அவரிடமே படித்தவள்.

"மீனைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா சார்?"

"மீன் தெரியும்மா. இங்கிலீஷ்தான் காலை வாருது. நம்ம பசங்கன்னா பாதித் தமிழ்ல ஓட்டிருவேன். இவங்க முன்னாடி நின்னா காலேஜ் மானம் கப்பலேறிரும்."

"இன்னைக்கு விட்டா அப்புறம் இந்தப் பாடம் உங்க கைக்கு வராது. சம்மதமா?"

நல்ல மீனைக் கண்டறியும் அந்தப் பாடம் எத்தனையோ வருஷமாக அவருடையது. கொடுக்க மனசில்லை. வைத்துக்கொள்ளத் தைரியமில்லை.

"சரி, அதை விடுங்க. குழம்புக்கு ஒரு சீலா மீன் வாங்கிருக்கேன். ஆய்வுக்கூடத்துல இருக்கு. வந்து பாருங்க."

போனார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்த வெளிநாட்டு மாணவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். மிசியர் பூரணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

மேசையில் மீன்.

கென்யப் பையனின் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போய்ச் செவுளைத் தூக்கியது. வியட்நாம் பெண் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். நெட்டையன் குனிந்து முகர்ந்தான். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தான்.

மிசியரும் எட்டிப் பார்த்தார். செவுளில் சிவப்பு என்பதே இல்லை.

"அடப்பாவி! எவன் மேடம் இதை உங்க தலையில கட்டினான்?"

"இப்பத்தான் படகுல வந்துச்சுன்னு சொன்னாங்களே சார்" என்றாள் பூரணி, ஒன்றும் தெரியாதவள்போல.

"டூ டேஸ் ஓல்ட்" என்றான் கென்யப் பையன்.

"டூ டேஸா? நோ, நோ! ஃபோர் டேஸ்!" மிசியர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "கண்ணைப் பாரு, ஐ! இன்சைட் போயிருச்சு. பிரஸ், பிரஸ்! சதை நாட் கமிங் பேக்!"

"ஐஸில் வைத்திருந்தால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் வியட்நாம் பெண்.

"ஐஸ்! குட் கொஸ்டின்! கம், கம்!"

நான்கு தலைகளும் மீன்மேல் கவிழ்ந்தன. சண்டை சூடுபிடித்தது.

பூரணி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் மிசியர், தலை நிமிராமல்.

"மார்க்கெட்டுக்கு. குழம்புக்கு மீன் வேணுமே சார்."

"தனியாப் போகாதீங்க தாயே" என்றார் மிசியர். "நாங்க நாலு பேரும் வர்றோம்."