ஒதுங்குபாறை

கைப்பேசியில் பேசுவதற்கு மரத்தில் ஏற வேண்டியிருந்த காலம் அது. ஒரு மலைச்சரிவில் அப்போது இரண்டு பாதைகள் இருந்தன.

மூத்தவள் வலசை. ஆற்றுக்கும் மேல்காட்டுக்குமாக யானைகள் நடந்து நடந்து உண்டான தடம் அவள். இளையவன் ஒற்றையடி. மலைமேல் முள்ளிப்பதி என்றொரு குடியிருப்பு. அங்கிருந்த சனங்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் இறங்கிப் போய்ப் போய் உண்டானவன் அவன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதற்கு ஒதுங்குபாறை என்று பெயர்.

யானை வருகிறது என்று தெரிந்தால் பதிக்காரர்கள் தலைச்சுமையை இறக்கிவிட்டு அந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். காட்டுக்குள் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள். ஆணானாலும் பெண்ணானாலும் பெரியவர்தான். "நாங்க ஒதுங்கிட்டமுங்க, நீங்க போங்க" என்று கும்பிடுவார்கள். பெரியவர் காதை ஆட்டிக்கொண்டு போவார். சில நாள் பெரியவரே முதலில் பார்த்துவிட்டு மூங்கிலுக்குள் ஒதுங்கி நிற்பார், சனங்கள் போவார்கள். யார் முதலில் ஒதுங்குவது என்பதில் அங்கே யாருக்கும் மானப் பிரச்சினை இருந்ததில்லை. இப்போது நினைத்தாலும் மனசு இளகுகிறது.

பாறையடியில் அக்காவும் தம்பியும் ஊர்க்கதை பேசுவார்கள்.

"இன்றைக்கு யார் அக்கா போனது?"

"புதிதாகக் குட்டி போட்டவள் ஒருத்தி. குட்டிக்கு நடை வரவில்லை. விழுந்து விழுந்து எழுந்தது. மண்தானே, வலிக்காது. உன்மேல் யார்?"

"கல்யாணப் பெண். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். புதுச் செருப்பாம், தேய்ந்துவிடுமாம். கால் தேய்ந்தால் பரவாயில்லையாக்கும்!"

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போன நாட்கள் அவை. ஆனால் ஒற்றையடிக்கு ஒரு துக்கம் இருந்தது. பதியில் நஞ்சன் என்றொருவன். அவனுடைய அக்காவுக்கு ஒரு மழைக்காலத்தில் பிரசவ வலி கண்டது. போர்வையைத் தொட்டிலாகக் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒற்றையடி குறுகலானவன். அவர்களால் வேகமாக நடக்க முடியவில்லை. பாதி வழியில் தொட்டிலை இறக்கி வைத்தார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒற்றையடி யாரிடமும் தன் பெருமையைப் பேசியதில்லை.

பிறகு சாலை வந்தான். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு வங்கி கடன் கொடுத்து, இங்கே இருக்கிறவர்கள் கடன் வாங்கி, பெற்றெடுத்த பிள்ளை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவனுக்கு ஒரு பலகை நட்டுவிட்டார்கள். மலைவாழ் மக்கள் சுகாதார மேம்பாட்டுச் சாலை என்று பலகையின் நெற்றியில் எழுதியிருந்தது. கீழே இரண்டு நாட்டுக் கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. அடிக்கிற காற்றெல்லாம் தனக்காகத்தான் அடிக்கிறது என்று நினைக்கிற சாதி அந்தப் பலகை. மரியாதையாகப் பலகையார் என்றே சொல்லுவோம்.

சாலை போவதற்காக ஒதுங்குபாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மேட்டுப்பக்கம் மண் சரியாமல் இருக்க ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுப்பினார்கள். அது வலசையின் நடுமுதுகில் வந்து நின்றது. வளைவுக்குப் பெயர் எழுத வந்த ஓவியர், பதிக்காரர்களிடம் கேட்டுத்தான் எழுதினார். அவர் காதில் எப்படி விழுந்ததோ, 'ஒதுக்குப்பாறை வளைவு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தமிழில் ஓரிரு எழுத்து போதும், ஆளின் குணமே மாறிப்போகும்.

சாலை தன் பெயரைத் தினமும் படித்தான். பெயருக்கேற்ற பிள்ளையாக வளர்ந்தான்.

"தம்பி, சுவரில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் சரிவு விடக் கூடாதா? பழைய ஞாபகத்தில் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு திரும்புகிறார்கள்" என்று வலசை கேட்டாள்.

"எனக்கு நின்று பேச நேரமில்லை. நான் மருந்து கொண்டு போகப் பிறந்தவன்" என்றான் சாலை.

"திட்டத்தில் சுவர் இருக்கிறது. வலசை இல்லை" என்றார் பலகையார்.

"இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான்" என்று வலசை முணுமுணுத்தாள். உன்னிப்புதர் மூடிப் பாதி மறைந்து கிடந்த ஒற்றையடி அவளைச் சமாதானப்படுத்தினான்.

"போகட்டும் அக்கா. அவன் சொல்வது பொய்யில்லை. நேற்றுக்கூட ஊசி மருந்துப் பெட்டி வண்டியில் மேலே போனது. இனி யாரையும் பாதியில் இறக்கி வைக்க மாட்டார்கள்."

சாலைக்கு அது காதில் விழுந்தது. என்ன பாதி, எதை இறக்கி வைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் பிற்பகல், நஞ்சனின் மகள் ரங்கி விறகு பொறுக்கும்போது கட்டுக்குள் இருந்த பாம்பு அவள் விரலைக் கடித்தது. பதியில் இருந்த நர்ஸ் சாந்தாமணி ஓடி வந்து பார்த்தாள். கையை அசையாமல் கட்டிவிட்டு, சாலையோடு கைப்பேசிக் கோபுரமும் வந்திருந்ததால் நின்ற இடத்திலிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சென்னியப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். ரங்கியையும் நஞ்சனையும் சாந்தாமணியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கீழே இறங்கியது. சாலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதற்காகத்தானே பிறந்தோம் என்று ஒவ்வொரு வளைவாக வண்டியை ஏந்திக் கொடுத்தான்.

ஒதுக்குப்பாறை வளைவில் வண்டி நின்றது.

"நிறுத்துங்கண்ணா, பெரியவரு நிக்கறாரு!" என்று சாந்தாமணி கத்தியிருந்தாள்.

தாய் யானை ஒன்று சாலையின் குறுக்கே நின்றது. அதன் கால்களுக்கிடையில் ஒரு குட்டி. கூட்டம் வேறெங்கோ சுற்றி மேலே போய்விட்டது. குட்டியோடு பின்தங்கிய தாய், பழைய தடம் ஞாபகமிருந்து குறுக்காக ஏறிவிடலாம் என்று வந்திருந்தது. வந்த இடத்தில் சுவர். திரும்பிப் போகலாமென்றால் கீழே ஆறு கரை தொட்டு ஓடியது. தார்ச்சாலையோடே நடந்து அதற்குப் பழக்கமில்லை. தாய் தும்பிக்கையால் குட்டியைச் சுவர்மேல் தள்ளிப் பார்த்தது. குட்டி வழுக்கி விழுந்தது. இது சிமென்ட், வலித்தது. குட்டி கத்தியது.

சாந்தாமணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"முள்ளிப்பதி நர்ஸ் பேசறனுங்க. பாம்புக்கடி கேஸ், டாக்டரை ரெடியா இருக்கச் சொல்லுங்க. வர்றதுக்கு நேரமாகும் போல இருக்குதுங்க. ரோட்டுல பெரியவரு நிக்கறாரு."

"வயசானவரா மேடம்? அவரையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துடுங்க" என்றது மறுமுனையில் ஒரு பட்டணத்துக் குரல்.

"ஏத்த முடியாதுங்க."

"ஏன், அவரால நடக்க முடியாதா?"

"நல்லா நடப்பாருங்க. அவருக்குத்தான் வழியில்லீங்க."

சென்னியப்பன் ஹாரனில் கை வைத்தான். நஞ்சன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமுங்கண்ணா. குட்டியோட நிக்கறாங்க. நான் சொல்றனுங்க."

நஞ்சன் இறங்கி நடந்தான். தாய் யானை காதை விரித்தது. "சாமி, எம்புள்ளையப் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க. நாங்க ஒதுங்கிக்கறம், நீங்க போங்க" என்று கும்பிட்டான். சொல்லிவிட்டு ஒதுங்குவதற்கு இடம் தேடினான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். பாறை இருந்த இடத்தில் தார் இருந்தது. கும்பிட்ட கையோடு நடுச்சாலையில் நின்றான். எதிரில் நின்றவளும் அப்படித்தான் நின்றாள். இருவரிடமும் பிள்ளை இருந்தது, இருவருக்கும் அவசரம், ஒதுங்கத்தான் இடமில்லை.

வண்டிக்குள் ரங்கிக்கு இமை கீழே இறங்கியது.

"தூங்காத சாமி. எம்பேரு என்ன, சொல்லு பாக்கலாம்."

"சாந்தாமணியக்கா... கண்ணு தானா மூடுதுக்கா."

சாலைக்குப் பதறிவிட்டது. "நகரு! போ! வழியை விடு!" என்று யானையைப் பார்த்துக் கத்தினான்.

"யாரைத் தம்பி விரட்டுகிறாய்?" என்று புதருக்குள்ளிருந்து ஒற்றையடி கேட்டான்.

"வழியில் நிற்பவர்களை. என் பெயரே அதுதானே. ஒதுக்குப்பாறை!"

"உன் பெயர் அதில்லை தம்பி. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார். இந்த இடத்துக்குப் பெயர் ஒதுங்குபாறை."

இத்தனை நாள் வேறொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த மாதிரி சாலைக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்படியென்றால் ஒதுங்க வேண்டியவன் நானா? நான் எப்படி ஒதுங்குவேன்? என்னைக் கல்லும் சிமென்டும் போட்டுக் கட்டியிருக்கிறார்களே."

வலசை பேசினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் குரலில் கோபம் இல்லை.

"உன் சுவருக்குப் பின்னால் என் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. தண்ணீர் வடிய விட்ட ஓட்டையெல்லாம் மண் அடைத்துவிட்டது. நீதான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருக்கிறாய்."

"பிடியை விட்டால்?"

"சுவர் சரியும். மண் சரிவாக விழும். குட்டி ஏறிவிடும்."

பலகையார் கிடுகிடுவென்று ஆடினார். "விடாதே! சுவர் போனால் உன்னைத் தரங்கெட்டவன் என்று உலகம் முழுக்கச் சொல்லுவார்கள். கடன் கொடுத்தவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? யானை தானாகப் போகும். பொறு!"

சாலைக்குத் தன் நல்ல பெயரின் மேல் ஆசை உண்டு. மழை பெய்த மறுநாள் பளபளவென்று தெரிகிற தன் முதுகைப் பார்த்து அவனே மயங்கியிருக்கிறான். அவன் வண்டியைப் பார்த்தான். சாந்தாமணி ரங்கியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரங்கி இப்போது பதில் சொல்லவில்லை.

"அண்ணா," என்று ஒற்றையடியை முதல் தடவையாகக் கூப்பிட்டான். "பாதியில் இறக்கி வைத்தார்கள் என்று சொன்னாயே. அப்போது உனக்கு எப்படி இருந்தது?"

ஒற்றையடி மெல்லச் சொன்னான்.

"திரும்பி ஏறியவர்களின் பாரத்தில் உயிரின் கனம் குறைந்துபோயிருந்தது தம்பி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

சாலை பிடியை விட்டான்.

முதலில் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. நஞ்சன் பின்னால் துள்ளினான். யானை குட்டியை இழுத்துக்கொண்டு ஒதுங்கியது. பிறகு கல்லும் மண்ணும் தண்ணீருமாகச் சுவர் வயிறு சரிந்து உட்கார்ந்தது. சத்தம் அடங்கியபோது அங்கே மேட்டுக்கு ஏறிப் போகிற ஒரு செம்மண் சரிவு இருந்தது.

தாய் யானை ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது. பிறகு குட்டியைப் பின்னாலிருந்து முட்டியது. குட்டி ஏறியது, முழங்கால் மடங்கி விழுந்தது, எழுந்து மறுபடி ஏறியது. தாயும் அதன் பின்னால் ஏறியது. மேலே போனதும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மூங்கிலுக்குள் மறைந்தது.

"போயிட்டு வாங்க சாமி" என்றான் நஞ்சன்.

வலசை தன்மேல் பதிந்த கால்களை எண்ணுகிறவள் போல அசையாமல் இருந்தாள். அவள் அழுகிறாள் என்று ஒற்றையடிக்குத் தெரியும். கேட்டால் மழை என்பாள், அதனால் கேட்கவில்லை.

சென்னியப்பன் பள்ளத்தின் ஓரமாகச் சக்கரத்தை விட்டான். நஞ்சனும் சாந்தாமணியும் சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். வண்டி ஒருமுறை உறுமி, சேற்றைத் தாண்டி, கீழே இறங்கி ஓடியது. மிச்சமிருந்த வளைவுகளையெல்லாம் சாலை ஒரு குலுக்கல் இல்லாமல் கடத்திக் கொடுத்தான்.

ரங்கி பிழைத்துக்கொண்டாள். இமை திறந்ததும் அவள் முதலில் கேட்டது பரோட்டாவாம். சாந்தாமணி அதைப் பதி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மழை விட்ட பிறகு கீழேயிருந்து ஜீப்புகள் வந்தன. குடை பிடித்த அதிகாரிகளும், கடன் கொடுத்த வங்கியின் ஆளும் இறங்கினார்கள். சரிவைப் படம் பிடித்தார்கள். கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள், கையில் பொடித்துப் பார்த்தார்கள்.

"தரக்குறைவான கட்டுமானம்" என்றார் ஒருவர்.

"எந்தச் சந்தேகமும் இல்லை" என்றார் இன்னொருவர். மறுபடி சுவர் எழுப்ப வேண்டுமானால் மறுபடி கடன் கேட்க வேண்டும், அதற்கு நாளாகும் என்று பேசிக்கொண்டார்கள். பலகையார் வெட்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அவரை நிமிர்த்தி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. தன்மேல் இருக்கிற தாரும் கல்லும் வளைவுகளும் யார் யாரோ போட்டவை. அவன் தன் கையால் கட்டியது அந்தச் சரிவு ஒன்றுதான்.