தவிட்டுக்குருவிகள் உடும்பை விட்டு வந்த கதை

பறப்பதும் ஊர்வதும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துப் புளியந்தோப்பு ஒன்று ஓர் உடும்பின் பிடியில் இருந்தது. தோப்பை அது நடவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. முதலில் வந்து நடுமரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். உடும்பு பிடித்ததை யாரால் விடுவிக்க முடியும்?

அந்தப் பக்கத்துத் தவிட்டுக்குருவிகள் எல்லாம் அதனிடம்தான் வேலை பார்த்தன. விடிந்ததும் சருகைக் கிளற வேண்டும். கிடைக்கிற புழு, பூச்சி, கறையான் எதையும் விழுங்காமல் உடும்பின் காலடியில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். பொழுது சாயும்போது உடும்பு வயிறு முட்டத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பங்கிடும். நிறையக் கிளறியவருக்கு நிறைய, கொஞ்சம் கிளறியவருக்குக் கொஞ்சம், கிளறாதவருக்கு ஒன்றுமில்லை.

அதனால் ஒவ்வொரு குருவியும் தனித்தனியாகவே மேயும். புழு உள்ள இடம் தெரிந்தால் வாயைத் திறக்காது, பக்கத்தில் நிற்பது உடன்பிறந்த தங்கையே ஆனாலும். தலையையும் நிமிர்த்தாது. நிமிர்கிற நேரத்துக்கு ஒரு புழு குறைந்துவிடுமே! இப்படிக் குனிந்தே கிடந்ததால் வல்லூறுக்குக் கொண்டாட்டம். அது வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றவை பதறும். பிறகு மறுபடி குனிந்துகொள்ளும்.

குருவம்மா என்றொரு குருவி இருந்தது. பட்ட கிளை ஒன்று முறிந்து மேலே விழுந்ததில் அதன் கால் ஒடிந்தது. அன்று சாயங்காலம் உடும்பு அதைப் பார்த்துக் கேட்டது:

"இன்னைக்கு என்ன கொண்டாந்தே?"

"கால் ஒடிஞ்சு போச்சுங்கய்யா. கிளற முடியல."

"எனக்கு உன்மேல கோபம் ஒண்ணும் இல்ல, குருவம்மா. ஆனா உனக்குச் சும்மா கொடுத்தா நாளைக்கு எவன் கிளறுவான்?"

கேட்டுக்கொண்டிருந்த குருவிகளுக்கெல்லாம் அது நியாயமாகவே பட்டது. பட்டினி கிடந்த குருவம்மாவுக்கும் நியாயமாகவே பட்டது.

மறுநாள் அது ஒரு கிளையில் ஏறி உட்கார்ந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிய நேரம், மலைப்பக்கமிருந்து வல்லூறு சறுக்கி வருவது தெரிந்தது. குருவம்மா தன்னை அறியாமல் அலறியது. அந்தத் தோப்பில் யாரும் அதுவரை அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. குருவிகள் முள்புதருக்குள் பாய்ந்தன. வல்லூறு வெறுங்காலோடு திரும்பியது.

பயத்தில் வெகுநேரம் புதருக்குள்ளேயே இருந்துவிட்டதால் அன்று குவியல் சிறுத்துப்போயிற்று. உடும்பு முகத்தைச் சுளித்துக்கொண்டே பங்கிட்டது. ஒச்சு என்ற இளங்குருவிக்கு ஒரே ஒரு வெட்டுக்கிளி கிடைத்தது.

"ஐயா, குருவம்மாக்கா கத்தலேன்னா எங்கள்ல ஒருத்தர் செத்திருப்பாங்க. அதுக்கு எதுவும் கிடையாதா?" என்று ஒச்சு கேட்டது.

"கிளறுனதுக்குத்தான் கூலி. கிளையில உட்கார்ந்து கத்துறதெல்லாம் ஒரு வேலையா?"

ஒச்சுவுக்கும் நல்ல பசி. ஆனாலும் கிளைக்குப் பறந்துபோய், தன் வெட்டுக்கிளியைக் குருவம்மாவின் வாயில் வைத்தது.

குஞ்சுக்கு ஊட்டுவதைத் தவிர வேறு ஊட்டலை அந்தத் தோப்பு கண்டதில்லை. உடும்பு வாலால் மரத்தை ஓங்கி அடித்தது. "நாளையிலிருந்து உனக்கு இங்க வேலை இல்ல. வெளியே போ!"

"நானும் வர்றேன்டா தம்பி. எனக்கு மட்டும் இங்க என்ன இருக்கு?" என்றது குருவம்மா.

தோப்புக்கு வெளியே வெறும் முள்காடு. விடிந்ததும் ஒச்சு ஒரு வேலமரத்தடியில் திகைத்து நின்றது.

"அக்கா, இங்க யாரைக் கேட்டுக் கிளறுறது?"

"தெரியலையே."

இரண்டும் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தன. ஒருவரும் வரவில்லை. பசி பொறுக்காமல் குருவம்மா சொன்னது: "கேக்காமலே கிளறித்தான் பாரேன்."

ஒச்சு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சருகைப் புரட்டியது. அடியில் கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது. யாரும் அதட்டவில்லை. ஒச்சு புழுவையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தது.

"சருகை மரம் உதிர்க்குது. புழுவை ஈரம் வளர்க்குது. நடுவுல அந்த உடும்பய்யா எங்க வந்தாருக்கா?"

அந்தச் சந்தோஷம் தாங்காமல் தோப்பைப் பார்த்துக் கத்தியது: "ஏய், இங்க இருக்கு! எல்லாரும் வாங்க!"

முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு கும்பலாக வந்தன. கடைசியில் தோப்பில் உடும்பு மட்டுமே மிஞ்சியது. அதற்கும் நகம் இருந்தது. தானே தோண்டித் தின்னக் கற்றுக்கொண்டது.

முள்காட்டில் யாரும் யாருக்கும் பங்கு வைக்கவில்லை. கண்டவர் கூப்பிடுவார், பசித்தவர் தின்பார். கால் ஒடிந்த குருவம்மா, வல்லூறு வருகிறதா என்று கிளையில் காவல் இருக்கும். இதில் சோணை என்ற குருவிதான் எல்லாருக்கும் எரிச்சலைக் கொடுத்தது. கூப்பிட்டால் வந்து தின்னும், நிழலில் போய்த் தூங்கும். ஒரு சருகைக்கூடப் புரட்டாது.

"இவனை விரட்டணும்க்கா," என்று ஒச்சுவே சொன்னது.

"என்னையும் அன்னைக்குக் கிளறலேன்னுதானே பட்டினி போட்டாங்க? அவனும் தின்னட்டும்."

ஒச்சுவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விட்டுவிட்டது. சோணை தின்றது, தூங்கியது. தோப்பில் இருந்தவரை தூங்காத தூக்கத்தையெல்லாம் தூங்கித் தீர்த்தது. ஒருநாள் மத்தியானம் வயிறு நிறைந்திருந்தும் அதற்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு பார்த்தது. எழுந்து, குருவம்மா காவல் இருந்த கிளைக்குத் தத்தித் தத்திப் போனது.

"சும்மா கெடந்து முதுகு நோவுதுக்கா. நீ எறங்கி ரெண்டு வாய் தின்னு. நான் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்."

யாரும் அதை ஏவவில்லை. அன்று சோணை பறந்த இலைக்கும் கத்தியது, ஓடிய அணிலுக்கும் கத்தியது. குருவிகள் புதருக்குள் ஓடுவதும், வெளியே வந்து திட்டுவதும், சிரிப்பதுமாக இருந்தன. ஆனால் கிளையை விட்டு இறங்கு என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரிகின்றன, ஒரு புழுவைக் கண்டாலும் ஊரைக் கூட்டுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். கீழே மேய்வதில் ஒன்று பறந்துபோய் அதற்கு ஊட்டிவிட்டு வரும். மேலே இருப்பது வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்று எந்தக் குருவியும் இன்றுவரை கேட்டதில்லை.