உலைக்கு அரிசி

எங்க மடத்துல ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றவங்களுக்குச் சோறு உண்டு. மடம்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. நொய்யல் கரையில ஒரு ஓட்டு வீடு, பின்னால கிணறு, முன்னால ஒரு வேப்பமரம். சமையல் என் பாடு. கிளம்புறப்போ யாரெல்லாம் "போயிட்டு வரேன்"னு சொல்றாங்களோ, அடுத்த ஞாயிறு அவங்களுக்கும் சேர்த்து உலையில அரிசி போடணும். இது மடத்தை நடத்துற சாமி வச்ச வழக்கம். வர்றவங்களுக்கு இது தெரியாது. சொல்லிட்டு வராமப் போறவங்க சோறு மிஞ்சிப் போகும், மறுநாள் காலையில அதுதான் எனக்குப் பழைய சோறு. அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போறவங்க மேல எனக்குக் கொஞ்சம் காட்டம் உண்டு.

சாமிக்கு வயசு நாற்பதுகூட ஆகலை. அவரோட சீடர் அருணகிரிக்கோ பேரன் பிறந்தாச்சு. கோயமுத்தூர்ல ஒரு பம்புசெட்டு கம்பெனியில வேலைக்கு ஆள் எடுக்குற அதிகாரி அவர். நல்ல மனுஷர், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வந்ததும் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, தோள்ல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் அவரே பரிமாறுவார். அந்தத் துண்டு இங்கேயே கொடியில கிடக்கும். யாரையும் அவர் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசி நான் கேட்டதில்லை.

அன்னைக்குப் பந்தி முடிஞ்சு ரெண்டு பேரும் மரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. நான் பக்கத்துல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். அருணகிரிக்குப் போன் வந்துச்சு. காது கொஞ்சம் மந்தம், எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவார். "ஞாபகம் இருக்குங்க மயில்சாமி, நான் சர்க்கிள் பேக் பண்றேன்"னு சிரிச்ச முகமா சொல்லிட்டு வச்சார். ஞாயித்துக்கிழமையானா இந்த மயில்சாமி கூப்பிடுவார், இவரும் இதையேதான் சொல்லுவார்.

"அப்படீன்னா என்னங்க?"ன்னு சாமி கேட்டார்.

அருணகிரி விளக்கமாச் சொன்னார். அது ஆபீஸ் இங்கிலீஷாம். சுத்திட்டுத் திரும்ப உங்ககிட்டயே வரேன்னு அர்த்தமாம். மீட்டிங்ல ஒரு கேள்விக்கு உடனே பதில் தெரியலைன்னா அப்படிச் சொல்லி வச்சுட்டு, விசாரிச்சுட்டு வந்து பதில் சொல்லணும். அதுக்குத்தான் அந்தப் பேச்சு. ஆனா இப்போ பதில் சொல்ல இஷ்டமில்லாத இடத்துலயும் அதையே சொல்லிடறாங்களாம்.

"அதான் சாமி அதுல சௌகரியம். ஆமான்னும் இல்லை, இல்லைன்னும் இல்லை. நாம போயிட்டு வரேன்னு சொல்றமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. அதையெல்லாம் யாராவது கணக்குல எடுத்துக்கறாங்களா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. குண்டாவைக் கொஞ்சம் சத்தமாவே கவுத்து வச்சேன்.

மயில்சாமி யாருன்னு சாமி விசாரிச்சார். லேத் பட்டறையில இருந்தவராம். பட்டறையை மூடிட்டாங்க. பங்குனியில இவங்க கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்திருக்கார். வேலை நல்லாத் தெரிஞ்சவர்தான், ஆனா சித்திரையிலயே வேற ஒருத்தரை எடுத்தாச்சு. இப்போ ஆடி நடக்குது. கிடையாதுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாரேன்னுதான் இழுத்துக்கிட்டிருக்கறதா அருணகிரி சொன்னார். சொல்லிட்டு, "ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு உண்மையைத் தள்ளிப் போடுறது பாவமா சாமி?"ன்னு கேட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. நீங்க சொன்ன அர்த்தம் சரிதானான்னு மொதல்ல கேட்டுடுங்க."

"யாருகிட்டங்க?"

"மயில்சாமிகிட்டத்தான். அவருகிட்டதானே அதைச் சொன்னீங்க."

அருணகிரி சிரிச்சார். சாமி சிரிக்கலை. அப்புறம் வேற வழியில்லாம அருணகிரி போனை எடுத்து மயில்சாமியைக் கூப்பிட்டார்.

ஒரு ரிங்குகூட முழுசா அடிக்கலை. "சார், சொன்ன மாதிரியே திரும்பக் கூப்புட்டுட்டீங்க! நல்ல சேதிங்களா?"ன்னு அந்தப் பக்கம் குரல் வந்துச்சு. அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேட்டு என் கை பாத்திரத்துலயே நின்னுபோச்சு.

அருணகிரி கேட்டார், "ஒண்ணு கேக்கணும் மயில்சாமி. நான் சர்க்கிள் பேக் பண்றேன்னு சொன்னப்போ, நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?"

"எனக்கு இங்கிலீஷு சுமாருதானுங்க சார். பாப்பாதான் சொல்லுச்சு, சார் சுத்திட்டுத் திரும்பி வருவாருன்னு அர்த்தம்ப்பான்னு. போன மாசம் ஓசூர்ல ஒரு வேலை வந்துச்சுங்க. வரலைன்னுட்டனுங்க. நீங்க திரும்பி வர்றப்போ நான் இல்லீன்னா நல்லாருக்காதுங்களே சார். உங்க வார்த்தைக்கு ஒரு மரியாதை வேணுமில்லீங்களா."

அருணகிரி சாமியைப் பார்த்தார். சாமி தரையைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"மயில்சாமி, அந்த வேலைக்கு வேற ஆளை எடுத்தாச்சுங்க."

போன்ல அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எப்பங்க சார்?"

"சித்திரையிலயே."

"சரிங்க சார்."

எப்பவும் "வச்சிரட்டுங்களா சார்"னு கேட்டுட்டுத்தான் வைப்பார். அன்னைக்குக் கேக்காம வச்சுட்டார்.

அருணகிரி இருட்டிப்போன போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மயில்சாமி திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பார்னு நினைக்கிறேன். "எனக்கு வெக்கமா இருக்குங்க சாமி"ன்னு மட்டும் சொன்னார். இந்த மனுஷரை நாலு வார்த்தை கேக்கணும்னு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சு. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் அடங்கிப்போச்சு. ஒரு சொம்புத் தண்ணி கொண்டுபோய் வச்சேன். அதை அவர் தொடலை.

அப்புறம் எழுந்தார். கொடியில இருந்த துண்டை எடுத்து, மடிச்சு, பைக்குள்ள வச்சுக்கிட்டார். இத்தனை வருஷத்துல அதை அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதே இல்லை. இனி இவர் வரமாட்டார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

செருப்பை மாட்டிக்கிட்டு, சாமியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார், "போயிட்டு வரேனுங்க சாமி."

சாமி எப்பவும் "போயிட்டு வாங்க"ன்னுதான் பதில் சொல்லுவார். அன்னைக்கு என் பக்கமாக் கையைக் காட்டினார்.

"நீங்க வரேன்னு சொன்னா, அவங்க உலையில உங்களுக்கும் சேர்த்து அரிசி போடுவாங்க. போடட்டுமா வேண்டாமான்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போங்க."