நெடுவாலனும் காப்பிப் பழமும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் அடர்ந்த ஒரு மருத மரம். அந்த மரத்தில் நெடுவாலன் என்ற கறுத்த முகக் குரங்கு வேலை பார்த்து வந்தான்.

குரங்குக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பெரிய வேலைதான்! புள்ளிமான்கள் கரையில் மேயும்போது சிறுத்தை வருகிறதா என்று மேலிருந்து பார்க்க வேண்டும். வந்தால் “கக்! கக்!” என்று கத்த வேண்டும். பதிலுக்கு மான்கள் தரையில் மோப்பம் பிடித்துக் குரங்குகளுக்கு ஆபத்தைச் சொல்லும். இரண்டு கூட்டத்துக்கும் வெகுகாலமாக இருந்துவந்த ஏற்பாடு இது.

காவலுக்கு எப்போதும் இரண்டு பேர். காலையில் ஒருவர், பிற்பகலில் ஒருவர். முறை இல்லாதவர் வெளிக்கிளையில் வெயில் காய்வார், இலை தழை மெல்லுவார், மத்தியானத்தில் ஒரு தூக்கம் போடுவார். பொழுது சாய்ந்தால் எல்லாக் குரங்கும் உறங்கப் போய்விடும்.

நெடுவாலனுக்கு இது பிடிக்கவில்லை. காவலில் தன்னோடு முறை மாற்றும் வெள்ளச்சி என்ற பெண் குரங்கிடம் ஒருநாள் சொன்னான்.

“எதுக்கு ரெண்டு பேரு? நான் ஒருத்தனே போதும்!”

“முழு நாளுமா? உடம்பு தாங்காதே!”

“உன் உடம்பு தாங்காது. என் உடம்பு தாங்கும்!”

“சரி, உன் இஷ்டம்” என்று வெள்ளச்சி இலை தின்னப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து விடிந்தது முதல் பொழுது அடையும்வரை நெடுவாலனே காவல். மான்கள் எல்லாம் “நெடுவாலண்ணே, நெடுவாலண்ணே” என்று கூப்பிட்டன. பெருமையில் அவன் கால் தரையில் பாவவில்லை. குரங்குக்கு எப்போதுதான் பாவியது என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

ஆனால் காவல் கிளை குளத்தின் மேல் நீண்டு, நிழலுக்குள் இருந்தது. காலை வெயில் அவன் மேல் படவே இல்லை. இலை மெல்ல நேரமாகிறது என்று கைக்கு எட்டிய அத்திப்பழத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்தான். மத்தியானத் தூக்கத்துக்கு முழுக்குப் போட்டான். பத்து நாள் ஆயிற்று. கண் எரிந்தது. கை கால் கனத்தது. காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒருநாள் அந்தியில் புனுகன் வந்து சேர்ந்தான். புனுகன் ஒரு மரநாய். பகலெல்லாம் பொந்தில் சுருண்டு கிடப்பான், இருட்டினால் இரை தேடுவான். காட்டை ஒட்டிய காப்பித் தோட்டத்தில் ஒரு செடியில்கூடப் பழுத்த பழத்தை அவன் விட்டுவைத்ததில்லை.

“என்ன மாப்பிள்ளே, மூஞ்சி இப்படிச் செத்துக் கிடக்கு?”

“அசதியா இருக்கு, புனுகா. சொன்னா கேவலம்.”

“இதை மெல்லு. கொட்டையோட மெல்லு!”

நான்கு சிவந்த பழங்கள். நெடுவாலன் மென்றான். கொட்டை கசந்தது. ஆனால் சற்று நேரத்தில் கண் பளிச்சென்று திறந்தது. மனசு துள்ளியது.

“அடேயப்பா! இதையா இத்தனை நாள் தின்னாம இருந்தேன்!”

“தினமும் கொண்டு வர்றேன். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. பொழுது சாஞ்சப்புறம் நான் தோட்டத்துக்குப் போறப்ப கொஞ்சம் காவலுக்கு வா. கோட்டான் பயம்!”

புனுகனின் கணக்கு புரிகிறதா? நான்கு பழத்துக்கு ஒரு காவல்காரன்! நெடுவாலனுக்குத்தான் புரியவில்லை. பகலில் மானுக்குக் காவல், இருட்டிய பிறகு மரநாய்க்குக் காவல். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. நான்கு பழம் எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று. தின்றால் நெஞ்சு படபடத்தது, தின்னாவிட்டால் தலை இடித்தது. துள்ளல் மட்டும் அரை மணி நேரத்தில் ஓடிப்போய்விடும்.

ஒருநாள் பிற்பகல். காற்று இல்லை. மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நெடுவாலன் கிளையைப் பிடித்துக்கொண்டு, “தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான்.

புல்லுக்குள் சிறுத்தை ஊர்ந்து வந்தது. மருளி என்ற பெண்மானும் அவள் குட்டியும்தான் அதற்குக் கிட்டத்தில் இருந்தவர்கள். சிறுத்தை பின்னங்காலைச் சுருக்கிப் பாயப் போனது.

தொப்!

நெடுவாலனின் பிடி நழுவியது. தலைகீழாகக் குளத்தில் விழுந்தான். தண்ணீர் மரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பியது. மான்கள் மிரண்டு நாலா பக்கமும் சிதறின. சிறுத்தை முகமெல்லாம் தண்ணீர் வழிய, “சே!” என்று திரும்பிப் போனது.

நெடுவாலன் சொட்டச் சொட்டக் கரையேறினான். என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் மான்கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது.

“சிறுத்தை கண் முன்னாலேயே குதிச்சாரு!”

“கத்தினா நேரம் போதாதுன்னு குதிச்சுட்டாரு! என்ன மூளை!”

கூட்டத் தலைவரான ஆண்மான் கொம்பைத் தாழ்த்தி வணங்கியது. “இனிமே ஆயுசுக்கும் நீங்கதான் எங்க காவல்!”

சத்தத்தில் விழித்துப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த புனுகன் கண்ணடித்தான். “வாயைத் திறக்காதே, மாப்பிள்ளே! வந்த பேரை வச்சுக்க!”

நெடுவாலனும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு புகழ்ச்சியை யாருக்குத்தான் தள்ளிவிட மனசு வரும்? அப்போது ஒரு முனகல் கேட்டது. மருளியின் குட்டி அவள் மடியை முட்டி முட்டிக் கத்திக்கொண்டிருந்தது.

“என்ன மருளி, பிள்ளை ஏன் அழுவுது?”

“பால் இல்லண்ணே. வத்திப்போச்சு.”

“ஏன்? புல்லுதான் நிறையக் கிடக்கே!”

மருளி அவனருகே வந்தாள். பிறகு மற்ற மான்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“புல்லு இருந்தா மட்டும் போதுமாண்ணே? வேளைக்கு மேயணும், வேளைக்குப் படுத்து அசைபோடணும், நிம்மதியாக் கண்ணை மூடணும். அப்பத்தான் பால் சுரக்கும். நான் படுத்து இருபது நாளாச்சு. நீங்க மேல தூங்கி ஆடறதைப் பார்த்துப் பார்த்து நானே காவல் நிக்கிறேன். இன்னைக்கு நீங்க குதிக்கல. விழுந்தீங்க. எனக்குத் தெரியும்.”

நெடுவாலனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா உங்க வேலை போயிடும். நல்ல மனசுதான் உங்களுக்கு, உடம்பைத்தான் கெடுத்துக்கிட்டீங்க. எனக்குப் பால் சுரக்கிற மாதிரித்தாண்ணே உங்களுக்குத் தெம்பும். உள்ளேருந்துதான் சுரக்கணும். மடியைப் போட்டு உதைச்சா பால் வருமா?”

குட்டி மறுபடியும் முட்டியது. ஒன்றும் கிடைக்காமல் புல்லில் படுத்துக்கொண்டது. அதைப் பார்க்க நெடுவாலனால் முடியவில்லை.

“எல்லாரும் கேளுங்க!” என்று கத்தினான். “நான் குதிக்கல! தூங்கி விழுந்தேன்! பத்து நாள் எனக்கு லீவு குடுங்க. அதுவரைக்கும் வெள்ளச்சி பார்த்துக்குவா. அதுக்கப்புறமும் நான் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க!”

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சற்றுமுன் வணங்கிய ஆண்மான் கொம்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. ஒருவரும் “அண்ணே” என்று சொல்லவில்லை. அது நெடுவாலனுக்கு மிகவும் வலித்தது.

முதல் மூன்று நாள் பட்ட பாடு சொல்லி மாளாது. மண்டை விண்விண் என்று தெறித்தது. கண்டவர் மேல் எல்லாம் சீறினான். புனுகன் பழத்தோடு வந்து நின்றான்.

“ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளே! தலைவலி பறந்துடும்!”

“வேண்டாம். உன் பொழுது வேற, என் பொழுது வேற. உனக்கு அது சாப்பாடு. எனக்கு அது சாட்டை!”

“அப்போ என் காவலு?”

“நீ சீக்கிரமாத் திரும்பி வரக் கத்துக்க!”

விடிந்ததும் வெளிக்கிளையில் போய் வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இலை தழையை நிதானமாக மென்றான். மத்தியானம் வெள்ளச்சியின் குட்டிகள் வாலைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்காமல் தூங்கினான். பொழுது சாய்ந்தால் படுத்துவிட்டான். நாலாம் நாள் தலையிடி போயிற்று. ஆறாம் நாள் பசி எடுத்தது, நிஜமான பசி. எட்டாம் நாள் ஒரு காரணமும் இல்லாமல் கிளைக்குக் கிளை தாவிப் பார்த்தான். வெள்ளச்சி சிரித்துவிட்டாள்.

பத்து நாள் முழுக்க வெள்ளச்சி ஒருத்தியே காவல் பார்க்கவும் இல்லை. அவள் தன் தங்கையோடு முறை மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நெடுவாலனுக்கு எல்லாம் முழுசாக உறைத்தது.

பதினோராம் நாள் பிற்பகல் முறைக்குப் போய் உட்கார்ந்தான். மான்கள் தள்ளியே மேய்ந்தன. அடிக்கொரு தரம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன. அவன் புல்வெளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெயில் தாழும் நேரம். தூரத்துக் கோரைப் புல்லில் ஒரு தாள் மட்டும் காற்றில்லாமல் அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

“கக்! கக்! கக்!”

சிறுத்தை இன்னும் ஐம்பது பாய்ச்சல் தூரத்தில் இருந்தது. மான்கள் சாவகாசமாகவே ஓடின. சிறுத்தை மரத்தை அண்ணாந்து பார்த்து, “இவன் தூங்கினானே, என்ன ஆச்சு இவனுக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டு போனது.

மான்கள் திரும்பி வந்தன. மற்றவர்கள் நின்றபடியே யோசித்துக்கொண்டிருக்க, மருளி நேராக மருத மரத்தடிக்கு வந்தாள். மேலே பார்க்கவில்லை. நான்கு காலையும் மடக்கிப் படுத்து, அசைபோட்டு, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். சில நாள் கழித்து அவள் குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு, பால் நுரை ஒட்டிய வாயோடு குளக்கரையில் குதித்தது.

சாட்டையால் விரட்டி வரவழைத்த சுறுசுறுப்பு சீக்கிரம் ஓடிவிடும். வெயில், உணவு, ஓய்வு, உறக்கம் நான்கையும் வேளை தவறாமல் கொடுத்தால், உடம்பு தனக்கு வேண்டிய தெம்பைத் தானே சுரந்துகொள்ளும்.