நெடும்பச்சையார் ஏடு அவிழ்த்த கதை

கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட பள்ளம் ஒன்றில் முன்னொரு காலத்தில் மழைநீர் தேங்கியது. அந்நீரில் பச்சைப் பாசிகள் குடியேறின. ஒவ்வொரு பாசியும் ஒரே ஓர் உயிரணு. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆயினும் தற்பெருமை தங்குவதற்குப் பெரிய இடம் வேண்டுவதில்லை.

அப்பள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பங்குனியில் நீர் வற்றத் தொடங்கியதும் பாசிகள் இரண்டிரண்டாக மணம் செய்துகொள்ளும். மணந்த இரண்டும் ஓருடலாகி, தடித்த ஓடு ஒன்றைப் போர்த்துக்கொண்டு சேற்றில் உறங்கி, ஐப்பசி மழையில் விழிக்கும். தனித்து நின்றவை பாறையில் கறையாகிவிடும்.

வெயில் நன்கு விழும் வடமூலையில் நெடும்பச்சையார் வாழ்ந்தார். அவ்வாண்டு அவர் ஒன்பது பெண்களை வேண்டாமென்றார். ஒருத்தி நிழலில் பிறந்தவள். மற்றொருத்தியின் சிற்றப்பனை நத்தை தின்றதாம். தின்னப்பட்ட குடும்பத்தோடு எப்படிச் சம்பந்தம் செய்வது?

பத்தாவதாக, தலைப்பிரட்டைத் தரகர் தென்மூலை மரகதத்தை அழைத்து வந்தார். தலையும் வாலுமே உடம்பாகிய அத்தரகர் பாசி மேய்பவர். தொழில் நேரத்தில் மட்டும் அதை மறந்திருப்பார். வேடிக்கை பார்க்கப் பங்காளிகள் கூடினர்.

"அண்ணா, நீர் ஒரு விரல் ஆழந்தான் இருக்கிறது. இவளையாவது ஒப்புக்கொள்ளுங்கள்" என்றான் பங்காளித் தம்பி சிறுபச்சை.

"விரல் வைத்து அளந்தா குலம் பார்ப்பது? பெண்ணே, உங்கள் தென்மூலையில் பெருநச்சுயிரி புகுந்ததுண்டாமே?"

"உண்டு, ஐயா" என்றாள் மரகதம். "மற்ற நச்சுயிரிகள் துண்டுச் சீட்டோடு வரும். இவனோ ஏட்டுக்கட்டையே சுமந்து வந்தான். சில வீடுகளை வெடிக்கச் செய்தான். எங்கள் வீட்டில் தன் ஏட்டை எங்கள் மரபேட்டின் நடுவே தைத்துவிட்டு உறங்கிப்போனான். அப்பக்கங்களை இறுகக் கட்டி வைத்திருக்கிறோம்; படிப்பதில்லை. மறைத்து மணம் செய்ய எனக்கு விருப்பமில்லை. சொல்லிவிட்டேன்."

நெடும்பச்சையார் சவுக்குப் போன்ற தம் இரண்டு இழைகளாலும் நீரை உதைத்துப் பின்வாங்கினார்.

"தள்ளி நில்! உன்மேல் பட்ட நீர் என்மேல் படலாகாது."

"ஒரே பள்ளத்து நீர், ஐயா. எந்தப் பக்கம் தள்ளி நிற்பது?"

பங்காளிகள் சிரித்துவிட்டனர். அச்சிரிப்பு அவரைச் சுட்டது.

"தங்கள் ஏட்டை ஒருமுறையேனும் பார்த்திருக்கிறீர்களா?" என்றாள் மரகதம்.

"எதற்குப் பார்க்க வேண்டும்? என் ஏடு பளிங்கு. ஐயமுள்ளவர் காது கொடுத்துக் கேட்கட்டும். வாசகனே, வா! ஒரு பக்கம் விடாமல் உரக்கப் படி!"

வாசகன் என்பவன் ஒவ்வொரு பாசியின் உள்ளேயும் இருக்கும் பணியாள். ஏட்டில் உள்ளதைப் படிப்பான். படித்ததை அப்படியே செய்தும் வைப்பான். எழுதியவர் யார் என்று கேட்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

அவன் ஏட்டைப் புரட்டினான். "ஐயா, நடுவே முந்நூறு பக்கங்களைக் கயிறிட்டுக் கட்டியிருக்கிறார்கள். முடிச்சின்மேல் முடிச்சு. முன்னோர் போட்டவை."

நெடும்பச்சையாரின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? சாமானியர் வீட்டில் முந்நூறு பக்கம் மறைபொருள் இருக்குமா? அவிழ்!"

"அவிழ்க்காதீர்கள்!" என்று மரகதம் பதறினாள். "எங்கள் வீட்டுக் கட்டும் இப்படித்தான் இருக்கும். கட்டியிருக்கும்வரை தீங்கில்லை."

"பார்த்தீர்களா, என் பெருமையைக் கேட்க அவளுக்கு அச்சம்!"

"அண்ணா, என் ஏட்டிலும் அதே கட்டு இருக்கிறது" என்றான் சிறுபச்சை.

"நீ கடைக்குட்டி, தம்பி. உனக்குக் கயிறு மட்டும் வந்திருக்கும். வாசகனே, படி!"

"படி, படி!" என்று பங்காளிகளும் கூவினர்.

வாசகன் முடிச்சுகளை அவிழ்த்துப் படித்தான். "சுவரைத் துளைப்பது எவ்வாறு?"

"வீரம்! கோட்டை தகர்த்த குடி எங்களுடையது!"

"வீட்டுக்காரனின் ஏட்டைத் துண்டு துண்டாக நறுக்குவது எவ்வாறு?"

"பகைவரின் ஆவணங்களை அழித்திருக்கிறார்கள்! என்ன அரசியல் நுட்பம்!"

"இருபது முகமுள்ள பேழை செய்வது எவ்வாறு?"

"ஆறுமுகம் எல்லாருக்கும் தெரியும். இருபது முகம் எங்கள் வீட்டில்தான்!"

வாசகன் படித்தான், படித்ததைச் செய்தும் வைத்தான். நெடும்பச்சையாரின் உள்ளே பேழை ஒன்று எழுந்தது. பிறகு பத்து. பிறகு நூறு.

"வயிறு இறுகுகிறதே" என்றார் அவர்.

"பெருமிதம் அப்படித்தான் இருக்கும்" என்றார் தரகர்.

முதற்பேழை உள்ளிருந்து பேசியது. "வணக்கம். எழுப்பியதற்கு நன்றி."

"யார் நீ?"

"தங்கள் பதினான்காம் பாட்டனார் காலத்து விருந்தாளி. அவர் அறிவாளி, கட்டி வைத்தார். தாங்கள் பெருந்தன்மையாளர், அவிழ்த்து, ஊரைக் கூட்டி, வாசிக்கவும் வைத்தீர்கள்."

"வாசகனே, நிறுத்து!"

வாசகன் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி ஏட்டில் எழுதியிருக்கவில்லை.

நெடும்பச்சையார் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள்."

"சொல்வதென்ன? நாங்கள் வெளியேதான் போகிறோம்."

நெடும்பச்சையார் வெடித்தார்.

பேழைகளாய் எழுந்த நூறு நச்சுயிரிகளும் வடமூலையில் வாசல் வாசலாக ஏறி இறங்கின. ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்து, அங்கிருந்த ஏட்டில் தம் கையெழுத்தையே கண்டு, "இங்கு நாம் முன்பே குடியிருக்கிறோம்" என்று திரும்பின. மரகதத்தையும் அவ்வாறே விட்டுச் சென்றன.

சிறுபச்சை மரகதத்தின் அருகில் வந்தான். "என் வீட்டு முடிச்சு கெட்டியானது" என்றான்.

"என் வீட்டு முடிச்சும் அப்படித்தான்" என்றாள் அவள்.

இரண்டு கட்டுகளையும் அவிழ்க்காமலே அவர்கள் ஓருடலாகி, ஓடு போர்த்துச் சேற்றில் இறங்கினர். தரகருக்குக் கால் முளைத்துவிட்டதால் அவர் கரையேறிப் போய்விட்டார்.

பங்காளிகள் அவசரக் கூட்டம் கூட்டினர். "அது நச்சுயிரியின் கையெழுத்தன்று, நம் கையெழுத்தைத்தான் அவன் திருடிப் பழகியிருக்கிறான்" என்றது ஒரு தரப்பு. "நெடும்பச்சையார் நம் பங்காளியே அல்லர்" என்றது மறு தரப்பு. யாருடைய கையெழுத்து என்று தெளியும்வரை எவரும் எவரையும் மணக்கலாகாது என்பது மட்டும் ஒருமனதாக முடிவாயிற்று.

கூட்டம் மூன்று நாள் நடப்பதாக இருந்தது. நீர் இரண்டு நாள்தான் இருந்தது.